மூன்றில் ஓடும் மின்விசிறி

"எவனோ ஒரு பாவி, மூச்சு விடக்கூட இடம் வைக்காம நிகழ்ச்சி நிரல் போட்டு வச்சிருக்கானாம்" என்றாள் அம்மா, சின்னவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி. "வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போகக்கூட நேரமில்லைன்னு உங்கண்ணன் போன்ல சொல்றான். போட்டவன் கை விளங்குமா?"

சின்னவன் மெல்லுவதை நிறுத்தினான். அந்தக் கை அப்போது சாப்பாட்டுக்குள் இருந்தது.

நாடுகளெல்லாம் கூடிப் பொருளாதார ஒத்துழைப்பைப் பற்றிப் பேசும் கூட்டம் இந்த முறை அவர்கள் ஊரில். வரும் பிரதிநிதிகளை விமான நிலையத்தில் பிடித்து, விடுதியில் இறக்கி, அரங்கில் உட்கார வைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு, ஒருவரும் தொலையாமல் திரும்ப ஏற்றிவிடும் பொறுப்பு சின்னவனுடையது. அலுவலகத்தில் அவனுக்கு 'டைம்டேபிள்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் அவன் திரும்புவதற்குள் சொல்லிவிடுவார்கள்.

நிரல் இத்தனை இறுக்கமாக ஆனதற்கு ஒரு கதை உண்டு. போன தடவை வேறொரு கூட்டத்தில் ஒரு பிரதிநிதி காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஒரு சலூனில் உட்கார்ந்துவிட்டார். பேருந்து புறப்படும் நேரம் அவரைக் கண்டுபிடித்தபோது பாதி முகம் மழித்திருந்தது, மீதி முகத்தில் நுரை. அப்படியே ஏறினார். வர்த்தகத் தடைகளை நீக்குவது பற்றி அன்று மாலை அவர் ஆற்றிய உரையை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் வலது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து சின்னவன் போடும் நிரலில் ஓய்வு கிடையாது, பிரதிநிதிகள் தனியாக வெளியே போவதும் கிடையாது. "இதுல ஊசி நுழையாதுய்யா" என்று இயக்குநரே மெச்சியிருந்தார்.

இப்போது அதில் அண்ணன் நுழைய வேண்டியிருந்தது.

"அவன் எதுக்கு வரான்?" என்றான் சின்னவன்.

"படிக்கப் போன நாட்டுக்காரனாவே ஆகிட்டான் இல்ல, அந்த நாட்டு சார்பா வரானாம். வர வேண்டிய ஆளுக்கு உடம்பு சரியில்லையாம்."

"அவனுக்கு வர இஷ்டம் இருந்தா வருவான். நிரலைக் குறை சொல்ல வேண்டாம்னு சொல்லு."

"அதை அவன்கிட்ட நீயே சொல்லேன்டா."

சின்னவன் தட்டோடு எழுந்தான். அண்ணனிடம் அவன் நேரே பேசுவதில்லை. காரணம் ஒரு கறுப்புக் குமிழ்.

சின்ன வயதில் இருவருக்கும் ஒரே அறை. நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. மின்விசிறி பெரியவன் கட்டிலுக்கு மேலே தொங்கியது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், அந்தக் கறுப்புக் குமிழோடு, சின்னவன் பக்கத்துச் சுவரில் இருந்தது. காற்று ஒரு நாட்டில், அதிகாரம் இன்னொரு நாட்டில். பெரியவனுக்கு எப்போதும் புழுங்கும், ஐந்து வேண்டும். சின்னவனுக்கு எப்போதும் மூக்கு ஒழுகும், ஒன்று போதும். இயற்கை வளம் இப்படிக் கோணலாகப் பங்கிடப்பட்டிருந்தால் ஒன்று போர் வரும், இல்லை வியாபாரம் வரும். அந்த அறையில் இரண்டும் வந்தன. பெரியவன் கணக்குப் போட்டுக் கொடுத்தால் சின்னவன் இரண்டு எண் காற்றைக் கூட்டுவான். விடை தப்பாக வந்தால் மறுநாள் இரவு காற்றே வராது. தலையணைகள் எல்லை தாண்டிய நாட்களில் அம்மா கதவைத் திறந்து, யார் பக்கமும் பார்க்காமல் குமிழை மூன்றில் வைத்துவிட்டுப் போவாள். இருவருக்கும் பிடிக்காத எண் என்பதால் அதுவே நியாயமான எண் என்று ஆயிற்று. பெரியவன் பிற்பாடு பொருளாதாரம் படிக்கப் போனது ஏன் என்று ஊரில் பலர் பல காரணம் சொன்னார்கள். வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அன்று, வாசலில் டாக்ஸி நிற்க, அவன் அறைக்குத் திரும்பி வந்தான். மூன்றில் இருந்த குமிழைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ரெண்டு வருஷத்துல வந்து மாட்டறேன். அதுவரைக்கும் மூணு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்" என்றான். சின்னவன் டாக்ஸிக்குப் பின்னால் தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடினான். பாசத்தில் ஓடுவதாக நினைத்து அக்கம்பக்கத்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்தது முழுக்கத் தப்பும் இல்லை.

படிப்பு வேலையாயிற்று. வேலை கல்யாணமாயிற்று. கல்யாணம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் ஆயிற்று. மின்விசிறி மட்டும் வேறெதுவும் ஆகவில்லை. போட்டால் மூன்று, அணைத்தால் ஒன்றுமில்லை. "கொறடு வச்சுத் திருகலாம்டா" என்பார் அப்பா. "வேற குமிழ் வாங்கினா என்ன?" என்பாள் அம்மா. "எடுத்துட்டுப் போனவன் கொண்டு வரட்டும்" என்று சின்னவன் குளிர் காலத்திலும் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். "இந்தக் காத்துல படுக்க எவ வருவா?" என்று அம்மா அவன் கல்யாணப் பேச்சையே அதில் முடித்துவிடுவாள்.

அப்பா இறந்துபோனபோது பெரியவன் வந்தான். வந்த வேகத்தில் திரும்பினான். போகும்போது, குமிழ் எங்கே என்று சின்னவன் கேட்டான். மறந்துவிட்டேன் என்றான் பெரியவன். அந்த நேரத்தில் எவன் குமிழை நினைத்துக்கொண்டிருப்பான் என்று எல்லோரும் சின்னவனைத்தான் திட்டினார்கள். அதோடு நேர்ப்பேச்சு நின்றது. பிறகு எல்லாம் அம்மா வழியாகத்தான்.

மறுநாள் சின்னவன் இயக்குநர் அறைக்குப் போய், இரண்டாம் நாள் மாலை கொஞ்சம் ஓய்வு விட்டால் என்ன என்று கேட்டான். இயக்குநர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

"எல்லா நாட்டுக்கும் அனுப்பியாச்சுய்யா. இனிமே ஒரு வரி மாத்தணும்னாலும் எல்லாரும் ஒத்துக்கணும். டீக்குப் பால் தனியா வைக்கறதா கலந்து வைக்கறதான்னே இன்னும் ஒருமித்த கருத்து வரல."

நிரலில் யாருடைய சம்மதமும் தேவைப்படாத ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இருதரப்புச் சந்திப்பு. எந்தத் தரப்பும் எந்தத் தரப்பையும் சந்திக்கக் கேட்கலாம். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு கொடி, ஒரு மொழிபெயர்ப்பாளர். அரை மணி நேரம். அம்மாவை வீட்டிலிருந்து அரங்குக்கே கொண்டுவந்துவிட்டால்?

அடையாள அட்டை அடிக்கும் பிரிவில் இருந்த அக்காவிடம் போய் நின்றான். அவள் கணினியில் தட்டினாள்.

"முதல் தரப்பு சரி. ரெண்டாவது தரப்பு?"

"வீடு."

"வீடுன்னா என்ன அமைப்புப்பா அது?"

"பழைய அமைப்புக்கா."

"எத்தனை உறுப்பினர்?"

"நாலு பேர் இருந்தோம். இப்ப ரெண்டு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வரது யாரு?"

"எங்கம்மா."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அம்மாவுக்குப் 'பார்வையாளர்' என்று ஒரு அட்டை அடித்துக் கொடுத்தாள்.

அம்மா அந்த அட்டையைப் பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பெத்த பிள்ளையைப் பாக்க நான் இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வரணுமா? நான் வரல. வீட்டுக்கு வராதவன் ஊருக்கு வந்ததா கணக்கே இல்ல."

"சரி, வராதே. ரத்து பண்ணிடறேன்."

"ரத்து கித்துன்னு ஆரம்பிக்காதே. எத்தனை மணிக்கு?"

இரண்டாம் நாள் மாலை அம்மா பீரோவிலிருந்த நல்ல துணியை உடுத்திக்கொண்டு, அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பாத்திரத்தை வாசலிலேயே காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். அரங்குக்குள் வெளிச் சாப்பாடு கூடாதாம்.

"இது எந்தப் பாவி போட்ட சட்டம்?" என்றாள் அம்மா.

சின்னவன் கூரையைப் பார்த்தான்.

அறை சிறியது. மேஜையின் ஒரு பக்கம் பெரியவனுடைய புது நாட்டின் கொடி, குட்டியாக, விறைப்பாக நின்றது. எதிர்ப்பக்கத்தில் வெறும் கொடிக்கம்பம். அம்மா உட்கார்ந்ததும் தன் துணிப்பையை அதில் மாட்டினாள். நடுவில் மொழிபெயர்ப்பாளர், ஒரு இளம்பெண், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

கதவு திறந்தது. பெரியவன் கோட்டும் டையுமாக, தடித்த கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடியே நுழைந்தான்.

"வணக்கம். வீட்டுக்கடன் வட்டி விஷயத்துல எங்க நாட்டோட நிலைப்பாடு என்னன்னா..."

தலையைத் தூக்கினான். கோப்பு அப்படியே நின்றது.

"என்னடா, இப்படி நரைச்சுப் போச்சு?" என்றாள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர் பேனாவைத் தூக்கினாள். யோசித்தாள். கீழே வைத்தாள்.

பெரியவன் மெல்ல உட்கார்ந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இரு தரப்பிலிருந்தும் அறிக்கை எதுவும் வரவில்லை. பிறகு அவன் சுவரோரம் நின்ற தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அம்மா, அவன்கிட்ட சொல்லு. வீடுன்னு எழுதி வச்சா எவனுக்கு என்ன புரியும்? நான் விடிய விடிய வட்டி விகிதம் படிச்சேன்."

"அம்மா, வீடுன்னு பாத்ததும் வட்டிதான் ஞாபகம் வந்துதான்னு கேளு."

"அம்மா, மூச்சு விட முடியாம நிரல் போட்டது யாருன்னு கேளு."

"அம்மா, வருஷக்கணக்கா நேரம் இருந்தப்ப எங்க போனான்னு கேளு."

"மன்னிக்கணும்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "ரெண்டு பேரும் பேசறது ஒரே மொழிதானே?"

"மொழி ஒண்ணுதாம்மா" என்றாள் அம்மா. "உனக்கு இங்க வேலை இல்ல. இத்தனை வருஷமா அதை நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ போய் டீ சாப்பிடு."

அந்தப் பெண் பேனாவை மூடினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு சந்திப்பை விட்டுவிட்டு யார் டீ சாப்பிடப் போவார்கள்?

அம்மா கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "பார்வையாளர், தலைவர் அனுமதிச்சாத்தான் பேசணும்னு பின்னாடி போட்டிருக்கான். யாருடா தலைவர்?"

பெரியவன் தம்பியைக் காட்டினான், தம்பி அண்ணனைக் காட்டினான்.

"அப்ப நானே தலைவர். பெரியவனே, ஒரே கேள்வி. வீட்டுக்கு வருவியா, மாட்டியா?"

பெரியவன் நிரலை எடுத்துப் புரட்டினான். "இது முடிஞ்சதும் குழுப் புகைப்படம். அப்புறம் விருந்து. விடிஞ்சா விமானம். இதுல எங்க இருக்கு இடம்?"

அம்மாவின் பிடி தளர்ந்தது. அதைச் சின்னவன் பார்த்தான். சுவரை விட்டு விலகி மேஜைக்கு வந்தான்.

"புகைப்படத்துல உனக்குக் கடைசி வரிசை. ஓரம்" என்றான், அண்ணனைப் பார்த்து.

நேரே சொன்னான். அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓரத்துலயா போட்ட என்னை?" என்றான் பெரியவன், அவனும் நேரே.

"நடுவுல போட்டா ஓட்டை தெரியும். ஓரத்துல போட்டாத்தான் சத்தமில்லாம உருவ முடியும். விருந்துலயும் கம்பத்துக்குப் பின்னாடிதான் உன் நாற்காலி."

பெரியவன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா பிரதிநிதி தனியா வெளிய போகக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கே."

"தனியாத்தானே கூடாது? நாம மூணு பேர்."

வாசலில் காவலரிடம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு மூவரும் டாக்ஸி பிடித்தார்கள். தெருமுனை வந்ததும் பெரியவன், "இங்க வரைக்கும் ஓடி வந்தே இல்ல?" என்றான். "குமிழுக்காக" என்றான் சின்னவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அறை அப்படியே இருந்தது. சாக்பீஸ் கோடு போய்விட்டது. ஆனாலும் பெரியவன் அது இருந்த இடத்தைத் தாண்டும்போது காலைச் சற்றே தூக்கி வைத்தான். கோட்டின் உள்பையிலிருந்து கறுப்புக் குமிழை எடுத்தான்.

"வர நேரமில்லைன்னு போன்ல சொன்னேன் இல்ல, அப்பவே பெட்டியில வச்சுட்டேன்."

சின்னவன் நகர்ந்து வழி விட்டான். குமிழ் பழைய தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னவன் சுவிட்சைப் போட்டான். விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பெரியவன் குமிழை ஐந்துக்குத் திருகிவிட்டு, தன் பழைய கட்டிலில் மல்லாந்து படுத்தான்.

"ஆகா. இதான்டா காத்து."

சின்னவன் ஒன்றுக்குத் திருகினான். காதில் ஊதிய காற்று அடங்கியதுபோல் இருந்தது. "இப்பதான் மனுஷன் இருக்கற மாதிரி இருக்கு" என்றான்.

"அஞ்சுல வைடா."

"ஒண்ணு. என் சுவர்."

கதவோரம் நின்ற அம்மா மேலே பார்த்தாள். ஐந்திலும் ஒன்றிலும் விசிறி ஒரே மாதிரிதான் ஓடியது. ரெகுலேட்டருக்குள்ளே எல்லாம் எப்போதோ மூன்றிலேயே இறுகிப்போயிருந்தது. ஓடும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. சாப்பாட்டைச் சுட வைக்கப் போனாள்.

அந்நேரம் அரங்கில் புகைப்படக்காரர் எல்லோரையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"சாப்பிட வாங்கடா" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்."

குமிழை விட்டு யார் முதலில் கையை எடுப்பது என்பதில் இரு தரப்புக்கும் இடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.