பதினேழாம் எண் பேட்டி

அந்த ஆய்வுக் குழுவில் நான்கு பேர். நான்கு பேரும் ‘ஆறுவது’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். குழுவின் தலைவியான அறுவை மருத்துவருக்குத் தோல் மூடி ஈரம் நின்றுவிட்டால் புண் ஆறியது. மனநல ஆய்வாளருக்கு நோயாளி மாத்திரை இல்லாமல் தூங்கினால் ஆறியது. கட்டடப் பொறியாளருக்கு, சன்னலோரம் படுத்தவர் எத்தனை நாளில் வீடு திரும்பினார், சுவரோரம் படுத்தவர் எத்தனை நாளில் திரும்பினார் என்பதுதான் பேச்சு. மூன்று வருடமாக ஒளிமானியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார் மனிதர்.

நான்காவது ஆள் மொழித்துறைக்காரன். நோயாளிகள் தங்கள் புண்ணைப் பற்றி எந்தச் சொற்களில் பேசுகிறார்கள் என்று கேட்டு, பதிவு செய்து, எழுதியெடுத்து அலசுவது அவன் வேலை. எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்கிறானே என்று மருத்துவர் அவனுக்கு ‘அகராதி’ என்று பெயர் வைத்தார். வீட்டிலும் அவன் அக்கா சின்ன வயதிலிருந்தே அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். அங்கே பொருள் வேறு, திமிர் பிடித்தவன் என்று.

ஆய்வின் இரண்டாம் வருடம் அக்காவுக்கு விபத்து நேர்ந்தது. பெரிய விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் அவள் மேற்பார்வையாளர். விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஸ்டீம் பிரஸ் வலது கைமேல் இறங்கிவிட்டது. அவன் வேலை பார்த்த அதே மருத்துவமனையில்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் ஒட்டினார்கள். நாற்பத்தொரு நாள் படுக்கை.

அம்மா இரண்டு பஸ் மாறி நாற்பது நாள் வந்தாள். அகராதியின் அறை அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்தது. அவன் மூன்று முறை இறங்கி வந்தான். முதல் முறை கட்டில் காலடியில் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். இரண்டாம் முறை அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை ரெக்கார்டரோடு வந்தான்.

நெருங்கிய உறவினரைப் பேட்டி எடுக்கக்கூடாது என்பது ஆய்வின் விதி. அது அவனுக்குத் தெரியும். அந்த விதிப்புத்தகத்தில் மொழிநடை திருத்தியதே அவன்தான். ஆனால் முப்பது பேட்டி வேண்டும், பதினாறில் நின்றுபோயிருந்தது, கையில் தீப்புண் உள்ளவர்கள் கிடைக்கவில்லை. ஒருத்திதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

“என்னடா இது?” என்றாள் அக்கா, நீட்டிய படிவத்தைப் பார்த்து.

“சும்மா, ஒரு ஃபார்மாலிட்டி.”

“சரி, குடு.” கட்டுப் போட்ட வலது கையைத் தலையணைமேல் வைத்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் பேசினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் அவளுக்கும் பேச்சு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அம்மா வந்தா கண்ண மூடிக்குவேன்டா. தூங்கற மாதிரி. அம்மா அழறத பாக்கறதுக்கு கட்டு பிரிக்கறதே தேவலாம்.”

அவனுக்குள் மணி அடித்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வருடமாக அலைந்ததுபோல் இருந்தது.

பேட்டியின் எழுத்துப்படியில் அக்கா ‘பதினேழாம் எண், பெண், நாற்பத்திரண்டு வயது’ ஆனாள். அந்த வரி கட்டுரையின் நடுத்தூணாக நின்றது. நெருங்கியவர்களின் கண்ணீர் நோயாளிக்குச் சுமை, புண் ஆறுவதை அது தள்ளிப்போடக்கூடும் என்று கட்டுரை சொன்னது. மற்ற மூவரின் அட்டவணைகளும் அதைச் சுற்றி அடுக்கப்பட்டன. ஒரு நல்ல ஆய்விதழ் அதை வெளியிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளிதழின் இணைப்பில் அரைப்பக்கத்துக்குச் செய்தி வந்தது. ‘மூடிய கண்கள்’ என்று தலைப்பு. கீழே பெரிய எழுத்தில் அந்த வரி.

அகராதி அன்று காலை அம்மாவுக்குப் போன் செய்தான். இதை அவன் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறான். அவனே போன் செய்தான். யாரும் போட்டுக்கொடுக்கவில்லை.

“அம்மா, பேப்பர் பாத்தியா? மூணாம் பக்கம். நம்ம வேலை வந்திருக்கு. படிச்சிட்டு சொல்லு.”

பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டான்.

“படிச்சேன்பா” என்றாள் அம்மா.

“எப்படி இருக்கு?”

“நல்லா எழுதியிருக்காங்க.” பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. பதினேழு என்பது அவனுக்கு அந்த அளவுக்கு ஒரு எண்ணாகவே ஆகிப்போயிருந்தது.

புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. துணி பிழியவும் காய் நறுக்கவும் அம்மா புதனும் சனியும் வந்து உதவுவது வழக்கம்.

“அம்மா வரல” என்றாள் அக்கா. “போன் பண்ணா, உனக்கு எதுக்கு தொந்தரவுன்னு சொல்றாங்க. என்ன தொந்தரவுன்னு கேட்டா, பேப்பர எடுத்து படின்னுட்டாங்க. படிச்சேன்.”

அவன் போனை மறுகாதுக்கு மாற்றினான்.

“அகராதி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். அது நீன்னு யாருக்கும் தெரியாதுக்கா. பேரே போடலயே.”

“அம்மாவுக்கு தெரியும். எத்தன நாள் அந்த கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு தெரியாதா?”

“நீ கையெழுத்து போட்டிருக்க...” அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன உடனேயே அவனுக்குக் காது மடல் சுட்டது. அதைத் திரும்பப் பிடித்து விழுங்க முடிந்தால் தேவலை என்றிருந்தது.

“ஆமா, போட்டேன்” என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். “தம்பி கேட்டான், போட்டேன். சொன்னதும் தம்பிகிட்டதான். ஊருக்கு சொல்லல.”

மறுநாள் மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவிடம் போனான். வழியெல்லாம் என்னென்னவோ வாக்கியங்களைத் தயார் செய்தான். வாசல் கதவைத் திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டன. அம்மா துவைத்த துணிகளைக் கட்டில்மேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், திரும்பவும் மடிக்கத் தொடங்கினாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டினால்கூடச் சமாளித்திருப்பான்.

“தப்பு பண்ணிட்டேம்மா.”

“அவ பேசினது உன்கிட்ட இருக்கா? அவ குரல்லயே?”

“இருக்கு.”

“போடு. கேக்கறேன்.”

“வேணாம்மா.”

“எல்லாரும் படிச்சாச்சு. நான் கேக்கக்கூடாதா?”

அவன் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அச்சில் அங்கே மூன்று புள்ளி வைத்திருந்தான்.

போட்டான். வார்டில் தள்ளுவண்டி உருளும் சத்தம், யாரோ இருமுவது, பிறகு அக்காவின் தாழ்ந்த குரல். கண்ண மூடிக்குவேன்டா என்ற இடம் வந்தபோது அம்மாவின் கை ஒரு துண்டின்மேல் நின்றது. குரல் தொடர்ந்தது.

“ஆனா அன்னிக்கி ஒரு நாள் பஸ் ஓடலன்னு அம்மா வரல இல்ல, அன்னிக்கி நாலு மணிலேர்ந்து வாசலயே பாத்துட்டிருந்தேன். கட்டு பிரிச்சப்ப கத்திட்டேன்டா. அதுவரைக்கும் ஒரு நாளும் கத்தினதில்ல. அம்மா பக்கத்துல இருந்தா எனக்கு கத்தல் வராது.”

அடுத்து அவன் குரல். சுறுசுறுப்பான, அவசரமான குரல். “சரிக்கா, அது இருக்கட்டும். அந்த கண்ண மூடறத பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லேன்.”

தன் குரலைத் தானே கேட்டு இப்படிக் கூசுவோம் என்று அவன் நினைத்ததில்லை. அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மடித்த துணிகளைப் பார்த்தான்.

“இத ஏன் எழுதல?” என்றாள் அம்மா.

“அது பொருந்தலம்மா.”

“எதுக்கு பொருந்தல?”

எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்லத் தெரிந்தவன் அந்தக் கேள்விக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்தான்.

“இன்னொரு தடவ போடு” என்றாள். போட்டான். முடிந்ததும் அம்மா துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். “சரி, நீ கிளம்பு. எனக்கு வேலை இருக்கு” என்றாள்.

மறுநாள் காலை மருத்துவரைத் தேடிப் போனான். அவர் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிவிட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மேடம், பதினேழாம் எண் என் அக்கா.”

“யாரு?”

“வலது கை. ஸ்டீம் பிரஸ்.”

“நான் தோல் ஒட்டின கை.” குழாயை மூடாமலே நின்றார். “தினமும் ரவுண்ட்ஸ்ல பாத்திருக்கேன் அந்தம்மாவ. அவங்க அம்மா ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, அவங்களயும் பாத்திருக்கேன். உன்ன ஒரு நாள்கூட பாத்ததில்லயே.”

விதியை மீறியதைவிட அதுதான் அவனை அடித்துப்போட்டது. பேட்டியில் வெட்டிய பகுதியையும் சொல்லி முடித்தான். மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டார். “அந்த பகுதி இருந்திருந்தா கட்டுரையே வேற மாதிரி போயிருக்கும். தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றான்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்று முடிவானது. நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மனநல ஆய்வாளர் தன் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர்தான் வாயைத் திறந்தார். அவருடைய மூன்று வருட அளவீடுகள் அதே கட்டுரையில்தான் இருந்தன. “என் சன்னல் என்னய்யா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார். எப்போதும் அவர் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிறவன் அகராதி. அன்று யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பொறியாளர் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். லிஃப்ட்டில் அவன் இருந்தால் படியில் ஏறிப் போனார்.

அதோடு முடியவில்லை. தீப்புண் வார்டின் கதவில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவன் கண்ணில் அது அன்றுதான் பட்டது. பார்வையாளர் நேரம் ஒரு மணி நேரம் குறைக்கப்பட்டிருந்தது. ‘அண்மை ஆய்வுகளின் அடிப்படையில்’ என்று எழுதியிருந்தது. கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு வயதானவர் ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு காவலாளியிடம், “பால் ஆறிடும்பா, குடுத்துட்டு ஓடி வந்துடறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அகராதி தன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டான்.

அந்த அறிவிப்பை எடுக்கவைக்க அவனுக்கு ஒன்பது நாள் ஆனது. கண்காணிப்பாளருக்குக் கடிதம், பதில் இல்லை, மறுபடி கடிதம், பிறகு நேரில் போய் அவர் அறை வாசலில் காத்திருந்து, தான் செய்ததை அவருடைய உதவியாளர் முன்னிலையிலேயே சொல்லவேண்டியிருந்தது. உதவியாளர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பேப்பரில் செய்தி வந்த பிறகு மூன்றாவது சனிக்கிழமை அம்மா அக்கா வீட்டுக்குப் போனாள் என்று அக்காவின் கணவர்தான் சொன்னார். “ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கல மாப்ள. உங்க அம்மா காய் நறுக்கினாங்க, உங்க அக்கா பக்கத்துல உக்காந்து அழுதா. அவங்க நறுக்கிட்டே இருந்தாங்க.” அடுத்த வாரம் நானும் வரட்டுமா மாமா என்று கேட்டான். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே கேட்டார். திரும்பி வந்து, “இப்போதைக்கு வேணாங்கறா” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

மருத்துவர் அவனைக் குழுவைவிட்டு நீக்கவில்லை. ஒரு வேலை கொடுத்தார். கட்டுரையை மறுபடி எழுதுவதற்கு முன், மீதி இருபத்தொன்பது பேரின் வீட்டுக்கும் நேரில் போகவேண்டும். அவர்கள் பேச்சிலிருந்து என்ன எழுதப்பட்டது என்று முகத்துக்கு நேராக வாசித்துக் காட்டவேண்டும். இருக்கட்டும் என்றால் இருக்கும், எடு என்றால் எடுக்கவேண்டும். “போன்ல பண்ணாத” என்று மட்டும் சொன்னார்.

முதல் எண் ஒரு தையற்காரம்மா. காலில் ஆறாத சர்க்கரைப் புண். ஒரு காலை முக்காலியில் நீட்டி, மற்றக் காலால் மிஷினை மிதித்துக்கொண்டே, “படிங்க தம்பி” என்றார். பக்கத்தில் நூல்கண்டுகளும் பாதி தைத்த சட்டைக் கைகளும் கிடந்தன.

அவன் வாசித்தான். “என் வலி ஒரு பழைய விருந்தாளி. வந்தால் போகச் சொல்ல மனம் வருவதில்லை.”

மிஷின் நின்றது. “இது நான் சொன்னதா?”

“ஆமாங்க. முதல் பேட்டி.”

“நல்லா இருக்கு கேக்க. ஆனா நான் சொல்லியிருக்க மாட்டேனே. வந்தா போக சொல்ல மனசு வராதா? எனக்கா? அது எப்ப போய் தொலையும்னு இருக்கேன்.”

அவன் பையிலிருந்து பேட்டியின் எழுத்துப்படியை எடுத்துத் தேடினான். ‘பழைய வலிதான், விருந்தாளி மாதிரி வந்து உக்காந்துக்குது, போகவே மாட்டேங்குது’ என்றிருந்தது. மீதியை அவன் மெருகேற்றியிருக்கிறான். எப்போது செய்தான் என்றுகூட நினைவில்லை. அவ்வளவு பழகியிருந்தது கை. இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்குமோ என்று நினைத்தபோது கையிலிருந்த காகிதக் கட்டு கனத்தது.

“மன்னிச்சிருங்க. நான் மாத்திட்டேன்” என்றான்.

தையற்காரம்மா அவனைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அளவெடுக்கிறவர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அடிச்சிட்டு எழுதுங்க” என்றார். “நான் சொன்னத அப்படியே எழுதுங்க. அப்புறம், எரியும்னு சொன்னேனே, அத போட்டிருக்கீங்களா?”

“போடல.”

“அதான் முக்கியம். அத போடுங்க.”

அவன் முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே ‘எரியும்’ என்று சேர்த்தான். பிறகு சரிதானா என்று அவரிடம் வாசித்துக் காட்டினான்.