மேசையில் இருக்கிறவர்

ஜெபம் செய்யும்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கோயிலில் அவள் எடுக்கும் ஞாயிறு வகுப்பில், முன்பல் விழுந்த ஒரு சிறுமி கதைக்கு நடுவே கேட்டுவிட்டாள். "டீச்சர், ஆண்டவர் நம்மகூடவே இருக்காருன்னு சொல்றீங்களே, நீங்க பாத்திருக்கீங்களா?"

"அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு வந்தாள். பார்க்காததைப் பார்த்ததாகப் பிள்ளைகளிடம் சொல்ல அவளுக்கு நா எழாது. பதில் கிடைக்காவிட்டால் வகுப்பைப் போதகரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அந்த வகுப்போ அவளுக்கு உயிர்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்ப்பாள். ஆண்டவரையும் அப்படியே தேடினாள். ஆளில்லாத கோயிலில் உட்கார்ந்து பார்த்தாள். மின்விசிறி முனகியதுதான் மிச்சம். பேருந்தில் பார்த்தாள், யாரோ காலை மிதித்தார்கள். 'நம்ம கண்ணுலதான் கோளாறோ?' என்று சந்தேகம் வந்தது.

அப்போதுதான் மாமனாரின் இரவு ஜெபம் காதில் விழுந்தது. அவர் எப்போதும், "இந்த மேசையில் இருக்கிறவரே" என்றுதான் தொடங்குவார். தினமும் கேட்கிற வார்த்தை. இருக்கிறார் என்றால் இங்கேயும் பார்த்துவிட வேண்டியதுதானே?

அந்த மேசையில் தினமும் ஒரு தகராறு வேறு உண்டு. அடுப்பில் கடைசி ரொட்டி எப்படியும் கருகிவிடும். அதை அவள் தன் தட்டில்தான் வைப்பாள். ஆனால் ஆமென் சொன்னதும் நாத்தனாரின் குரல் கிளம்பும்.

"இன்னைக்கும் எனக்குத்தான் கருகினதா? ஊர்க் கண்ணையெல்லாம் சரி பண்றவளுக்கு அடுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது!"

"ஏன்க்கா, சண்டை இல்லாம உனக்கு ரொட்டி இறங்காதா?" என்பான் அவள் கணவன்.

தட்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள்.

அன்று மாமனார் தொடங்கியதும் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள். கணவன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். மாமனாரின் புருவம் ஏறி இறங்கியது. பக்கத்தில் நாத்தனார், இமைகளை இறுக மூடியபடியே, கையை நீட்டினாள். இவள் தட்டிலிருந்த கருகின ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் போட்டாள். தன்னுடைய நல்ல ரொட்டியை இவள் தட்டில் வைத்தாள். தடவிப் பார்க்கக்கூட இல்லை. பழகிய கை.

இவள் பட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். இதுவா? இது நாத்தனார் கைதானே? ஒருவேளை அவளுக்குக் கருகின ரொட்டிதான் பிடிக்குமோ?

மறுநாள் ஜெபத்தின்போது தன் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நீண்டு வந்த கை அவள் விரல்மேல் முட்டி நின்றது. நாத்தனார் கண்ணைத் திறந்தாள்.

"ஏய், கண்ண மூடுடி" என்று கிசுகிசுத்தாள்.

"உங்களுக்குக் கருகினது பிடிக்குமாக்கா?"

"யாருக்குடி பிடிக்கும்?"

"அப்போ ஏன்க்கா?"

நாத்தனார் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். "கண்ணு திறந்திருந்தா உங்கிட்ட சண்டை போடத்தான் தோணுது. அப்பா 'இருக்கிறவரே'ன்னு ஆரம்பிச்சதும், ஆண்டவர் பாத்துட்டிருக்காரேன்னு இருக்கு. கை தானா போயிடுது."

"அப்புறம் எதுக்குத் திட்டுறீங்க?"

"ஜெபம்தான் முடிஞ்சிடுச்சே!"

"அங்க என்ன குசுகுசு?" மாமனார் கண்ணைத் திறக்காமலே அதட்டினார். "ஆண்டவர்கிட்ட ஒருத்தன் பேசிட்டிருக்கேன்ல?"

இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள். தட்டின் மேலேயே கருகின ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது இரண்டாகக் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிறுமி மறக்காமல் முதல் ஆளாக வந்து நின்றாள். "பாத்தீங்களா டீச்சர்?"

"அவர் முகத்தப் பாக்கல. ஆனா அவர் எங்க வீட்டுல ஒரு வேலை செஞ்சுட்டிருந்தாரு. அதப் பாத்தேன்."

"என்ன வேலை?"

அவள் ரொட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிறுமி மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அது உங்க நாத்தனார் செஞ்சதுதானே?"

"ஆமா. எனக்கும் அதே சந்தேகம்தான். வா, உக்காந்து யோசிப்போம்" என்று சிறுமிக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.