விஜயதசமியன்று நிறுத்திய காவல்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கிறேன். போன கிழமை என் கணினியில் வைரஸ் புகுந்து, பதினொரு வருடக் கதைகளில் ஒன்றையும் திறக்க முடியாமல் செய்துவிட்டது. கணினியைக் காப்பது பற்றி ஒரு கதை எழுதிச் சனங்களைத் திருத்துவது என்று நேற்றுத் தீர்மானித்தேன். கொப்பியை எடுத்து முதல் வரியை எழுதினேன்:

‘பூபாலசிங்கம் ஒரு கவனமில்லாத மனிதர்.’

(இந்த வரியை அடிக்கவேண்டும். ஏனென்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்குக் கிடக்கட்டும்.)

2.

பூபாலசிங்கம் அண்ணை நான்காம் தளம். அவருடைய மனைவி சிவமணி அக்கா இறந்து எட்டு மாதம். அண்ணை சந்தையில் நிற்கும்போதெல்லாம் அக்கா ஃபோனில் குரல் பதிந்து அனுப்புவார். “கத்தரிக்காய் முத்தலா வாங்காதேங்கோ. போனமுறை மாதிரி வல்லாரையை மறந்துபோட்டு வந்தா கதவு திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.” இப்படி அறுபத்து மூன்று. மகள் அவற்றைப் பென்ட்ரைவ் ஒன்றில் போட்டுக் கொடுத்திருந்தாள். அவர் அதை டீவியில் செருகித் தினமும் கேட்பார். பழைய ஃபோன் பழுதாகிவிட்டது; வேறு பிரதி இல்லை.

போன கிழமை விஜயதசமியன்று அவர் அந்தப் பென்ட்ரைவோடுதான் என்னிடம் வந்தார். மூன்று நாள் பூசையில் வைத்திருந்த கணினியை அன்று எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, முதல் வேலை புண்ணியமாக இருக்கட்டும் என்று நூற்றெட்டு அம்மன் பாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கி மாடியில் எல்லாருக்கும் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

(இங்கே என் தாராளத்தைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. கிழித்துவிட்டேன்.)

3.

நேற்றுப் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

“உங்கட பென்ட்ரைவாலதான் அண்ணை என்ர கதையெல்லாம் போச்சு. கண்ட கண்ட கடையில குத்திப்போட்டு என்ர வீட்டுக்கே கொண்டந்தனீங்கள்?”

மூன்று வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன.

“ஓம் தம்பி, என்ர பிழைதான்,” என்றார். “எனக்கும் அதில ஒண்டும் திறபடுதில்லை. அவவின்ர குரலும் போட்டுது. இனி ஆருக்கும் கரைச்சல் வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் நடக்கப் போகேக்க கடலுக்க எறிஞ்சுபோடுறன்.”

அப்போது என் மனம் இளகியது என்று

இல்லை. நான் “அதுதான் நல்லது” என்றேன்.

4.

இன்று மதியம் காலி வீதியில் கணினி திருத்தும் ஷஸ்னாவின் கடைக்குக் கணினியைக் கொண்டுபோய், அண்ணையின் பென்ட்ரைவ் பற்றியும் சொன்னேன்.

“அங்கிள், அன்டிவைரஸ யாரு நிப்பாட்டின?”

“நான்தான் பிள்ளை. ஒரு பாட்டை இறக்க விடுதில்லை. அபாயம், அபாயமெண்டு கத்திச்சுது. அம்மன் பாட்டுக்குள்ள என்ன அபாயம்?”

“அது பாட்டில்ல அங்கிள், பாட்டுட பேர போட்டுக்கொண்டு வந்த வைரஸ். பத்து அஞ்சுக்கு இறக்கீக்கிறீங்க. பூபாலசிங்கம் அங்கிள்ட பென்ட்ரைவ் குத்தினது பதினொரு மணிக்கு. அவருட்ட இருந்து உங்களுக்கு வரல்ல. உங்கள்ட்ட இருந்துதான் அவருக்குப் போயீக்கி.”

“என்ர கதைகள்?”

“ஈக்கி. அழியல்ல, ஒளிச்சு வெச்சீக்கி, அவ்வளவுதான். அவருட பென்ட்ரைவையும் கொண்டாங்க, எல்லாம் எடுக்கேலும். வீசிட மட்டும் வேணாம் எண்டு சொல்லுங்க.” பிறகு சிரித்தாள். “சாமிப் பாட்டெண்டாலும் ஸ்கேன் பண்ணுங்க அங்கிள். சாமி கோவிக்காது.”*

* கதையின் பயன்: காவலை நிறுத்தாதீர்கள், எதை இறக்கினாலும் சோதியுங்கள், அருமையானவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஒன்றரை வரி. இதற்கு ஒரு கதை எதற்கு?

5.

முடிவு வேண்டும். இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: “தெரிஞ்ச பிள்ளை ஒண்டு திருத்துவாள்” என்று பென்ட்ரைவை வாங்கிப்போகிறேன். அக்காவின் குரல் திரும்புகிறது. அண்ணை கண்கலங்கி எனக்கு நன்றி சொல்கிறார். யாருடைய பிழை என்ற பேச்சே எழவில்லை. படிக்க இனிமையாக இருக்கும். அதற்குப்பின் சாமியறைக்குள் எந்த முகத்தோடு போவது?

மற்றது: அதே மூன்று கதவுகளும் கேட்க உண்மையைச் சொல்கிறேன். அவர் “பரவாயில்லைத் தம்பி” என்பார். திட்டினாலாவது தாங்கலாம்.

கடையிலிருந்து வந்து ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. இரண்டு மாடி ஏறிச் சொல்லவேண்டியதை இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன மனிதன் நான்! அவர் ஐந்து மணிக்குத் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போகிறவர். இப்போது ஐந்துக்கு எட்டு நிமிடம்.

மேலே கதவு சாத்தப்படுகிறது. செருப்புச் சத்தம் படியிறங்குகிறது. மூன்றாம் தளம்.

முதல் வரியைத் திருத்த நேரமில்லை. ‘பூபாலசிங்கம்’ என்ற இடத்தில் ‘வரதராசா’ என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அது என் பெயர். முடிவையும் நீங்களே எழுதுங்கள். நான் கதவைத் திறக்கவேண்டும்.