நசுங்கலும் ஈரமும்

சேதமான பெட்டி ஒன்றுக்கு ஒரு புள்ளி; ஆறு புள்ளி விழுந்தால் அமெரிக்காவின் அந்த ஆர்கன்சா கிடங்கில் யாருடைய வேலையும் போய்விடும். மதிய ஷிப்டு தொடங்கியதுமே மேற்பார்வையாளன் கோல்பி, பெட்டி இறக்கும் வெல்டாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான்.

"பேட்ஜக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு, கிழவி. ஆறு பெட்டிய நாசம் பண்ணிட்ட."

"நாலு."

"எண்ணுனது நான் இல்ல, கம்ப்யூட்டர் ஷீட்டு. அதுக்கு உம்மேல என்ன பகை?"

"அதுக்கு இல்ல, உனக்கு இருக்கே. திரைய இந்தப் பக்கம் திருப்பு."

"திருப்பினா மட்டும்? தலைகீழா வெச்சாலும் உனக்கு ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே திருப்பினான். வெல்டா நாற்பத்துநாலு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். கையுறையைக் கழற்றி, தன் பெயர் வரும் வரிகளை விரலால் தேடிப் பிடித்தாள். ஒன்றில் 'நசுங்கல்'. ஒன்றில் 'ஈரம்'. மற்ற இரண்டில் 'நசுங்கல், ஈரம்'. பெட்டி இறக்கும் நாலாம் வாசலில் கூரை ஒழுகும். அங்கே விழுந்த பெட்டி நசுங்கும், நனையும். பதிகிறவர்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுவார்கள்.

"வரி நாலுதான் இருக்கு. ஆறு எங்கருந்து வந்துச்சு?"

"ஃபார்முலா. உன் பேருக்கு நேரா நசுங்கல்ங்கிற வார்த்தை எங்க இருந்தாலும் எண்ணும். அது மூணு. அப்புறம் ஈரத்த எண்ணும். அதுவும் மூணு. கூட்டினா ஆறு. புரியுதா?"

"புரியுது. ஒரே கட்டத்துல ரெண்டும் இருந்தா அந்தப் பெட்டி ரெண்டு தடவ செத்துச்சா?"

கோல்பி திரையைப் பார்த்தான். காது சிவந்தது.

"ரெண்டு வார்த்தையும் இருக்கிறத தனியா எண்ணிக் கழிடா."

தட்டினான். வெல்டாவின் பெயர், நசுங்கல், ஈரம், மூன்றும் பொருந்தும் கட்டங்கள் இரண்டு. ஆறில் இரண்டு போக நான்கு நின்றது.

"பெருசா ஜெயிச்சிட்டதா நெனைக்காத. இனிமே உன் பெட்டிக்கு மட்டும் ரெண்டு வரியா எழுதச் சொல்றேன்."

"சொல்லு. ரெண்டு வரியிலயும் பெட்டி நம்பர் ஒண்ணாத்தான் இருக்கும். தெனமும் வந்து படிப்பேன். இப்ப இந்த நாலை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடு."

அவன் கையெழுத்துப் போட்டு, தாளை மேசைமேல் விட்டெறிந்தான். அது வழுக்கித் தரையில் விழுந்தது. வெல்டா குனியவில்லை. அவனே எழுந்துவந்து எடுத்துக் கொடுக்கும்வரை, கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.