புதனும் சனியும் கடிக்கிற நாய்

“விடுலே! துரை, விடுன்னு சொல்லுதேன்லா!”

முத்துவடிவு கழுத்துப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். நாய் அசையவில்லை. அதன் பற்களுக்கு நடுவில், அறை வாடகைக்கு எடுத்திருந்த மதுரை ஜவுளிக்காரரின் கெண்டைக்கால் இருந்தது. மனிதர் வாசற்படியில் மல்லாந்து கிடந்தார். அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்துண்டு தலையிலேயே இருந்தது. உடம்பில் தைல வாசம். “ஐயோ, கொல்லுதே! யாராவது வாங்களேன்!” என்ற அவருடைய அலறல் பக்கத்து பங்களாக்கள் வரை போய்விட்டது. சீசன் வாசிகள் ஜன்னல்களில் தலை நீட்டினார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

முத்துவடிவு கிணற்றடிக்கு ஓடினாள். நிறைந்திருந்த வாளியைத் தூக்கி வந்து நாயின் மூஞ்சியில் வீசி ஊற்றினாள். துரை தும்மியது. பிடி விட்டது. அந்த ஒரு கணத்தில் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் கொல்லைப்புறத்துத் தென்னையில் கட்டினாள். திரும்பி வந்து ஜவுளிக்காரரின் காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். அழுத்தித்தான் தேய்த்தாள். இந்த ஆள்மேல் ஆத்திரம், நாயின்மேல் ஆத்திரம், ஜன்னல் தலைகளின்மேல் ஆத்திரம்.

“தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி, தெரியுமா உங்களுக்கு?” என்று ஜவுளிக்காரர் அழுதார்.

“தெரியும். ஏற்கெனவே ரெண்டு பேருக்கு ஆச்சு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குற்றாலத்தில் அது 1958ஆம் வருஷத்துச் சாரல். ஆனி பிறந்ததிலிருந்து அருவி விடாமல் கொட்டியது. முத்துவடிவின் அப்பா விட்டுப்போன வீட்டில் மூன்று அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டு, தங்குகிறவர்களுக்குச் சமைத்தும் போடுவது அவள் வேலை. இரண்டரை மாதம்தான் சீசன். கணவர் தில்லைநாயகம் தாலுகா ஆபீசில் ஊர் ஊராக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கோம்பையிலிருந்து வந்த குட்டிதான் துரை. செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி. போன வருஷம் சீசன் வாசிகளின் குழந்தைகள் அதன் முதுகில் ஏறி உட்காரும். இந்த வருஷம் அதற்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

சாயங்காலம் பஞ்சாயத்துச் சேவகன் இசக்கியப்பன் நாயைக் கொல்லும் உத்தரவுக் கடிதாசியோடு வந்தான்.

“ஆச்சி, சனிக்கிழமை மத்தியானம் வருவேன். உருண்டை கொண்டாருவேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, ரெண்டு நிமிசம்தான்.”

“ஏலே, நாய்க்குச் சோறு போட்டது நானு, விஷம் போடுதது நீயா?”

“என்னய என்ன செய்யச் சொல்லுதீக? கடிக்காதுன்னு தென்காசி மாட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்தா விட்டுருவோம். இல்லேன்னா சனிக்கிழமை.”

ஈசிசேரில் சாய்ந்திருந்த தில்லைநாயகம் பேப்பரை மடித்தார். “போட்டுத் தொலைங்கவே. வீட்டுக்கு வாரவன் போறவனையெல்லாம் கடிச்சா எவன் வருவான்? என் சேக்காளிகளே வர யோசிக்கானுவ.”

முத்துவடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்ததும் ஒரு துண்டால் துரையின் வாயைக் கட்டினாள். ஜவுளிக்காரர் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன கிழிந்த வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டாள். டாக்டர் பல் பதிந்த தடத்தைப் பார்க்க வேண்டும் என்பாரோ என்று ஒரு யோசனை. குதிரை வண்டிக்காரன் நாயைக் கண்டதும் சவுக்கைச் சொடுக்கிவிட்டான். பஸ்காரன் சிரித்தான். நடந்தாள். தூறலில் தென்காசி வரை மூன்றரை மைல். இலஞ்சி விலக்குப் பக்கம் அச்சுக்கு மசி போட மாட்டு வண்டியை நிறுத்தியிருந்த ஒருவன், “ஆச்சி நாயக் கூட்டிட்டுப் போறாளா, நாய் ஆச்சியக் கூட்டிட்டுப் போகுதா?” என்றான். “அவுத்து விடட்டா? நாயே வந்து சொல்லும்” என்றாள். அவன் வண்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

மாட்டாஸ்பத்திரியில் ஏழெட்டு மாடுகள் நின்றன. டாக்டர் சிவசுப்பிரமணியன் ஒரு பசுவின் வாயில் மூங்கில் குழாயால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. சட்டையெல்லாம் சாணம். திரும்பிப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

“நாயா? குணத்த மாத்துத ஊசி இங்கன கெடையாதும்மா.”

“காளைக்குக் கொம்பு ஒடிஞ்சா கட்டுப் போடுதீங்கல்லா? இது என்ன பாவம் பண்ணுச்சு? நாளன்னைக்கு இதக் கொல்லப் போறாங்க. நீங்க பாக்காம நான் நகர மாட்டேன்.”

மாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து துரையின் கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வாய்க்கட்டைத் தளர்த்தச் சொன்னார். நாய் மடமடவென்று குடித்தது.

“முதல் கடி எப்போ?”

“ஒரு மாசம் ஆவுது. பத்திர ஆபீஸ் குமாஸ்தா. எங்க வீட்டுக்காரவுக சேக்காளி. பெறவு வாடகைக்கு வந்த ஒருத்தர். நேத்து மதுரைக்காரர்.”

“ஒரு மாசமாச்சுன்னா வெறி கெடையாது. இருந்திருந்தா எப்பவோ செத்திருக்கும். என்ன கிழமைல கடிச்சுது?”

முத்துவடிவு விரல் விட்டாள். புதன். சனி. நேற்றும் புதன். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஆம்பிளைகளுக்கு எண்ணெய்க் குளியல் நாள்” என்றார் டாக்டர். பையில் துருத்திக்கொண்டிருந்த வேட்டியை எடுத்து மோந்து பார்த்தார். தைலம். அதைத் துரையின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை நட்டுக்கொண்டது. தொண்டையில் ஒரு உறுமல்.

“யாரு தைலம்மா இது?”

“சொரிமுத்து. அருவிப் பாறையில உருவி விடுதவன். எங்க வீட்டுக்கு வாரவங்க எல்லாம் அவன்கிட்டதான் போவாங்க.”

டாக்டர் நாயின் விலாவைத் தடவினார். ஒரு இடத்தில் அவர் கை நின்றது. துரை முனகியது.

“இங்கன வீங்கியிருக்கே. யாரும் இத அடிக்க...”

“யாரும் அடிக்கதில்ல சார்” என்றாள், அவர் முடிப்பதற்குள். “பிள்ள மாதிரி வளக்கேன். தெருவுல எவனாவது கல்ல விட்டு எறிஞ்சிருப்பான்.”

“இந்த வாசத்தோட அடி வாங்கியிருக்கு. அது மட்டும் நிச்சயம். சனிக்கிழமை நானே வந்து பாக்கேன். பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இந்த வாசத்தோடு அடி. அப்படியென்றால் அந்தக் கை. திரும்பி நடந்த மூன்றரை மைலும் அந்தக் கை அவள் கண்முன் வளர்ந்துகொண்டே வந்தது. நாயைக் கொல்லையில் கட்டிவிட்டு, நனைந்த சேலையோடு நேராக அருவிக்குப் போனாள்.

பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடியில் சொரிமுத்து. அறுபது வயது. முழங்கை வரை எண்ணெய் மினுங்க, யாரோ ஒரு தொந்திக்காரரின் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

“ஏலே சொரிமுத்து! என் நாய என்னலே செஞ்ச?”

அருவி இரைச்சலுக்கு மேலே கேட்டது அந்தக் குரல். சொரிமுத்து எழுந்து நின்றான்.

“எந்த நாய் ஆச்சி?”

“நடிக்காதலே. டாக்டர் சொல்லிட்டார். உன் தைலக் கையால அடிச்சிருக்க. அதான் உன் வாசம் பட்டவனையெல்லாம் கடிக்கு. உன்னால நாளன்னைக்கு அது சாவப் போவுது.”

“பேச்சியம்மன் சத்தியமா நான் உங்க வாசப்படி மிதிச்சு ஒரு மாசமாச்சு ஆச்சி. வாயில்லாச் சீவனை நான் எதுக்கு...”

“எதுக்குன்னு நீதான் சொல்லணும்.”

தொந்திக்காரர் மெதுவாகப் புரண்டு எழுந்தார். துண்டை எடுத்து உதறினார். அடுத்த ஆளிடம் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். “அண்ணாச்சி, உம்ம தைலத்துக்கு நாய்கூடக் கடிக்கும்னு போர்டு மாட்டும்.” சொரிமுத்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினான்.

வெள்ளிக்கிழமைக்குள் செய்தி எல்லா பங்களாவுக்கும் போய்விட்டது. சாப்பிடும்போது தில்லைநாயகம் பெருமையாகச் சொன்னார்: “இனி ஒருத்தனும் அவன்ட்ட போவான்னு நெனக்காத. எனக்கு வேற ஆள் பாத்துட்டேன். தைலம் அதே தைலம்தான்.” முத்துவடிவு மோர் ஊற்றினாள். நியாயம் நடந்துவிட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் ஏது? ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இசக்கியப்பன் முதலில் வந்தான். மடியில் பூவரச இலையில் பொதிந்த உருண்டை. கொல்லையில் தென்னைக்குக் கொஞ்சம் தள்ளிக் குத்தவைத்துப் பீடி பற்றவைத்தான். பத்து நிமிஷத்தில் டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டே சொரிமுத்து.

“இவன எதுக்குக் கூட்டிட்டு வந்தீக?” என்று சீறினாள் முத்துவடிவு.

“நான்தான் வரச் சொன்னேன்.”

“ரெண்டு நாளா ஒரு முதுகு கெடைக்கல ஆச்சி” என்றான் சொரிமுத்து. குரலில் அழுகை இல்லை. கோபம் இருந்தது. முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்துப் பேசினான். “நாப்பது வருசமா இந்தக் கையால சனங்க வலியத்தான் எடுத்திருக்கேன். இன்னைக்கு நாயே சொல்லட்டும்.”

டாக்டர் அவனைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னார். “இப்போ போவே. பக்கத்துல போய் உக்காரும்.”

சொரிமுத்து போனான். முத்துவடிவு கதவு நிலைக்கு நகர்ந்து நின்றாள். குதறப் போகிறது. குதறட்டும். துரை கயிற்றின் எல்லை வரை வந்து அவன் விரல்களை மோந்தது. பிறகு வாலை ஆட்டியது. உள்ளங்கையை நக்கியது.

இசக்கியப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

“அடிச்ச ஆள மறக்குத பிராணி இல்ல இது” என்றார் டாக்டர். “இப்போ தைலத்தத் தொட்டுக்கிடும்.”

சொரிமுத்து மடியிலிருந்த புட்டியைத் திறந்து கையில் தேய்த்தான். வாசம் பரவியது. துரையின் முதுகு மயிர் எழுந்தது. உறுமியது. ஆனால் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துப் பின்வாங்கித் தென்னையோடு ஒட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தது.

“கையக் கண்டு இல்ல” என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. “இந்த வாசம் வீட்டுக்குள்ள வந்தா, பெறவு என்னமோ நடக்கு. அது நடந்துரக் கூடாதுன்னு வாசத்தோட வார வெளியாள வாசல்லயே மறிக்கு. பெறவு என்னம்மா நடக்கும் இந்த வீட்ல?”

அவள் பதில் சொல்வதற்குள் முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சு, சிரிப்பு, தைல வாசம். அருவிக் குளியல் முடிந்து தில்லைநாயகம் வருகிறார்.

“ஏட்டி வடிவு! ஆறு எல போடு! குளிச்ச பசி, ஆள முழுங்கும் போலிருக்கு. பத்திர ஆபீஸ்காரரும் வந்திருக்கார். அப்பளத்தக் கூடப் பொரி!”

புதனும் சனியும், பங்குனியில் ரிட்டையர் ஆன நாளிலிருந்து, இதே குரல். காலையில் சொல்ல மாட்டார். எத்தனை பேர் என்றும் சொல்ல மாட்டார். வாடகைக்காரர்களுக்கென்று வடித்த சோறு பத்து நிமிஷத்தில் வழிக்கப்படும். அவள் மறுபடி உலை வைப்பாள். முற்றத்தில் சேக்காளிகள், “அண்ணாச்சி குடுத்து வச்சவரு” என்பார்கள்.

முத்துவடிவு கொல்லைக் கதவு நிலையில் நின்றிருந்தாள். முகம் கொதித்தது. சரிந்த கொண்டையை முடிந்துகொள்ள வலது கையைத் தூக்கினாள்.

துரை தரையில் விழுந்தது. நான்கு கால்களையும் அடியில் ஒடுக்கி, காதுகளை மடித்து, வயிற்றைச் சேற்றில் அழுத்திக்கொண்டது. அடியில் மூத்திரம் பரவியது. அது கண்களை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தது.

மூன்று ஆண்களும் நாயைப் பார்த்தார்கள். பிறகு, அது அஞ்சிய திசையைப் பார்த்தார்கள். தூக்கிய கையை இறக்க அவளுக்குத் தெரியவில்லை.

“ஏட்டி, காது கேக்கலயா? ஆறு எல!”

“அவுகள அடிக்க முடியாதுல்லா சார்” என்றாள் முத்துவடிவு. “வெறகுக் கட்டையால... புதனும் சனியும்... நான்தான்.”