ஏழு இருக்கை வண்டியும் ஐகாண்டே அம்மாவும்

எங்கள் அலுவலகம் அருஷாவில், மணிக்கூண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அனுப்புவதுதான் தொழில். "நாங்கள் நான்கு பேர், ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்கு யானையைத் தவிர எதிலும் விருப்பமில்லை" என்று ஒருவர் எழுதினால், பதினைந்து நிமிடத்தில் பதில் போய்விடும். ஐந்து நாள் செரெங்கெட்டிக் காடு, நான்கு நாள் சான்சிபார் கடற்கரை, விமானம், படுக்கை, கோதுமை சேராத ரொட்டி எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பதில்களை எழுதுகிறவன் நான். பதினோரு வருடத்தில் ஒரு கடிதமும் என் மேசையில் மறுநாள் வரை கிடந்ததில்லை.

அதே அலுவலகம் ஐகாண்டே அம்மாவை ஒரே ஒரு முறை காட்டுக்கும் கடலுக்கும் அழைத்துப் போகத் திட்டம் போட்டது. அக்டோபரில் ஆரம்பித்தோம்.

ஐகாண்டே அம்மா இருபத்திரண்டு வருடம் எங்கள் பயணிகளுக்கு மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டியவர். கோழிக்கால், அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு துண்டு கேக். மாலையில் பெட்டிகள் திரும்பி வரும்போது திறந்து பார்த்தே சொல்லிவிடுவார்: "முட்டையத் தொடவே இல்ல. சிங்கம் பாத்திருக்காங்க." பெட்டி துடைத்துவிட்டது போல வந்தால் அன்று கண்ணில் எதுவும் படவில்லை என்று அர்த்தம். இவ்வளவு தெரிந்தவர் ஒரு முறைகூடக் காட்டின் வாசலைத் தாண்டியதில்லை. அலுவலகத்தில் பாதிப் பேரும் அப்படித்தான், நானும் சேர்த்து.

ஜனவரி கடைசியில் அவருக்கு ஓய்வு. மார்ச் முதல் வாரம் ம்பெயாவில் மகளுக்குப் பிரசவம். போனால் பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடுவார். ஆக, இடையில் இருந்தது பிப்ரவரி மட்டும். நூ என்கிற தாடிக்காரக் காட்டுமாடுகள் தெற்குப் புல்வெளியில் கன்று போடுகிற மாதமும் அதுதான்.

"பொறந்து விழுந்த கன்னு பத்து நிமிஷத்துல எழுந்து ஓடுதாமே, சகாயோ? டிரைவருங்க சொல்றாங்க. என் பொண்ணு நடக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கிட்டா. அந்த அதிசயத்த ஒரு தடவை பாத்துடணும். அப்புறம் கடல்ல கால நனைக்கணும். அவ்வளவுதான்" என்றார் என்னிடம்.

நான் இதை ஒரு தாளில் எழுதி மேலாளர் கிசாங்காவிடம் கொடுத்தேன். அங்கேதான் தவறு செய்தேன். அவர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "இதுக்கு ஒரு குழு போடணும்" என்றார்.

எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் குழு வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததோ கல்யாணக் குழு ஒன்றுதான். எனவே அதே அச்சில் இதுவும் வார்க்கப்பட்டது. தலைவர் கிசாங்கா, பொருளாளர் ஃபெலிஸ்தா, செயலாளர் நான். சாப்பாட்டுக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், நிகழ்ச்சியைக் கலகலப்பாக நடத்தித்தர பஹாத்தி. காட்டில் யாருக்காக நிகழ்ச்சியைக் கலகலப்பாக நடத்துவது என்று கேட்டேன்.

"செயலாளரே, ஒலிபெருக்கி இல்லாம ஒரு விழாவ நீ எங்கயாவது பாத்திருக்கியா?" என்றார் தலைவர்.

ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும், அவகாடோ மரங்களின் கீழே இருக்கும் பீர் தோட்டத்தில் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை ஆடு சுடப்படும். முதல் நான்கு கூட்டங்கள் குழுவினர் எல்லாரும் ஒரே மாதிரி அணிய வேண்டிய துணியைப் பற்றி நடந்தன. ஃபெலிஸ்தா பச்சை என்றாள்.

"பச்சை உடுத்திக்கிட்டுப் புல்வெளியில நின்னா வீடியோவுல தலை மட்டும்தானே தெரியும்?" என்றான் பஹாத்தி.

"உன் தலை தெரியாம இருந்தா நல்லதுதான், அதுக்காகத்தான் சொல்றேன்."

கடைசியில் மஞ்சள் என்று முடிவானது. டிசம்பரில் எல்லாரும் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டதால் கூட்டமில்லை. ஜனவரியில் துணி தைத்து வந்தது. போட்டுப் பார்த்து ஒரு கூட்டம், அதில் எடுத்த படங்களைப் பார்த்து இன்னொரு கூட்டம். ஐகாண்டே அம்மா வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். ஆனாலும் தினமும் காலையில் சமையலறைக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முட்டை அவிக்கச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. அன்றைக்குத்தான் வண்டி விஷயம் எடுக்கப்பட்டது. கூரை திறக்கும் வண்டி. டிரைவர் தவிர ஏழு இருக்கை. நான் வரிசையாக எழுதினேன்: தலைவர், பொருளாளர், செயலாளர், சாப்பாடு, வண்டி, வீடியோ, பஹாத்தி. ஏழு வரி. பேனாவை எடுக்காமல் மறுபடி மேலிருந்து படித்தேன்.

"தலைவரே, ஐகாண்டே அம்மா எங்க உக்காருவாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "சகாயோ, கல்யாணத்துல பொண்ணு குழுக்காரங்களோட ஒரே வண்டியிலயா வரும்?"

"வராது."

"அப்புறம்? அவங்களுக்குத் தனி வண்டி. பூ கட்டி, ரிப்பன் கட்டி. நாம முன்னாடி போய்ச் சிங்கத்துப் பக்கத்துல நின்னு வரவேற்போம்."

"அந்த வண்டிய யாரு பேசியிருக்கா?"

எந்த வண்டியும் பேசப்படவில்லை. அதற்கு அலங்காரத் துணைக்குழு ஒன்று போட வேண்டும் என்று ஃபெலிஸ்தா முன்மொழிந்தாள். துணைக்குழு மார்ச் கடைசியில் அறிக்கை தரும்.

"மார்ச்சுல அவங்க ம்பெயா போயிடுவாங்க. ஏப்ரல்ல மழை. சேத்துல வண்டி இறங்காது. கன்னுக்குட்டிங்க எல்லாம் வளந்து வடக்க போயிடும்" என்றேன்.

"இதெல்லாம் அவங்ககிட்டயே கேட்டுட்டா என்ன?" என்றான் பஹாத்தி. ஐந்து மாதத்தில் குழுவில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது.

தலைவர் அதிர்ந்துபோனார். "பொண்ணு கூட்டத்துக்கு வர்றதா? அழைப்பிதழே இன்னும் அச்சாகல. அழைக்காத ஆளுகிட்ட எப்படி அபிப்பிராயம் கேக்கறது?"

தனி வண்டி என்பதை ஒருமனதாக நிறைவேற்றினோம். தீர்மானத்தை எழுதியதும் நானே.

மறுநாள் காலை சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஐகாண்டே அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்பிலிருந்த தண்ணீர் பொங்கி வழிந்தது, அதைக்கூட இறக்கவில்லை.

"எனக்கு எவன்டா கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னது? ஒரு தடவை பண்ணிப் பாத்தது போதாதா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அப்போ இந்த வருஷம் இல்லன்னு சொல்லு. இந்த வருஷம் இல்லன்னா எப்பவும் இல்ல."

நான் மேசைக்குப் போய், வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும் தாளில் ஒன்றை எடுத்தேன். பெயர்: ஐகாண்டே. நபர்: ஒருவர். விருப்பம்: கன்று, கடல். நாட்கள்: இரண்டு. எழுத எழுதத்தான் எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்று தோன்றியது. முசோமாவுக்குப் போகிற சாதாரணப் பேருந்து அந்தப் புல்வெளியின் நடுவேதான் தினமும் போகிறது. மெத்தை, சமையல் எண்ணெய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, சிங்கங்களுக்கு நடுவே ஊர் போய்ச் சேருகிறவர்கள் ஏராளம். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"முசோமாவுல கடல் ஏது?"

"ஏரிதான். மணல் இருக்கு, அலை இருக்கு."

"அக்கரை தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அது எனக்குக் கடல்தான். நீயும் வா. யாராவது ஒருத்தர் பையப் பாத்துக்கணும்."

வியாழன் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவருக்கு ஜன்னல். ஒரு பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டிச் சமவெளியில் இறங்கியதும், பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெயிலுக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினார்கள். ஐகாண்டே அம்மாவின் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. தூசி மூன்று வரிசைக்குப் பறந்தது.

"அம்மா, மூடுங்க! மண்ணத் திங்கவா டிக்கெட் வாங்கினோம்?" என்றார் பின்னால் இருந்த ஒரு வியாபாரி.

"வாய மூடிக்கிட்டாப் போதும் தம்பி, மண்ணு போகாது."

பேருந்து நின்றது. சாலையின் குறுக்கே காட்டுமாடுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும். டிரைவர் ஒலி எழுப்பக் கையை வைத்தார். "கைய எடுடா!" என்று ஐகாண்டே அம்மா போட்ட சத்தத்தில் டிரைவர் இஞ்சினையே அணைத்துவிட்டார்.

சாலையிலிருந்து இருபதடி தள்ளி ஒரு தாய்க் காட்டுமாடு நின்றது. அதன் பின்னாலிருந்து ஈரமாக ஏதோ புல்லில் விழுந்தது. எழப் பார்த்து மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடியும் எழுந்தது, பின்னங்கால்கள் ஒரு பக்கம், முன்னங்கால்கள் ஒரு பக்கம். ஐகாண்டே அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எழு… எழு, கண்ணு" என்றார். வியாபாரி திரையை விலக்கினார். பிறகு அடுத்த திரை, அதற்கடுத்தது. நான்காம் முறை கன்று நின்றது. ஒரு நொடி யோசித்தது. பிறகு தாயின் பின்னால் ஓடியது, தள்ளாடியபடி, ஆனால் ஓட்டம்தான். பேருந்து முழுக்கக் கைதட்டியது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம். அவரிடம் சொல்லத் திரும்பினேன். முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டிருந்தார். அதனால் சொல்லவில்லை.

சாயங்காலம் முசோமா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஏரியில் முழங்கால் வரை நின்றார். நான் கரையில் பொரித்த மீன் வாங்கினேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"செயலாளரே, எங்க இருக்க? அவசரக் கூட்டம். அழைப்பிதழ் கொண்டுபோனா ஐகாண்டே அம்மா வீடு பூட்டியிருக்கு. நாங்க ஆறு பேரு மஞ்சள் துணியில வாசல்ல நிக்கிறோம். தெருவே வேடிக்கை பாக்குது!"

உள்ளதைச் சொன்னேன்.

"குழு முடிவெடுக்காம விருந்தாளி எப்படிப் போகலாம்?"

ஐகாண்டே அம்மா தண்ணீரிலிருந்து ஏறி வந்து கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "கிசாங்கா, மகனே, கன்னு எட்டு நிமிஷத்துல ஓடிடுச்சு. சகாயோ கடிகாரத்தப் பாத்தப்போ நானும் எட்டிப் பாத்தேன். நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடமே கொடுத்தார்.

தலைவர் இன்னும் வைக்கவில்லை. மற்ற ஐவரிடமிருந்தும் தள்ளிப்போகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சகாயோ, அந்தப் பஸ்… எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு. முந்தின நாளே டிக்கெட் எடுத்துடணும்."

"எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்?"

"இடது பக்கம்."

"சரி. இத நடவடிக்கைக் குறிப்புல எழுதிடாத."