முகம் பார்த்துச் சொன்ன எழுத்து

புது ஆற்றங்கரை மதகடியில் மொபெட்டோடு வாய்க்காலுக்குள் இறங்கிய நாளிலிருந்து இராஜாங்கம் வீட்டில் யாரையும் நம்பவில்லை. கண்ணை டாக்டரிடம் காட்டாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று மகன் சூர்யபிரகாஷ் ஒருமுறை சொன்னதோடு சரி. எப்படியாவது மடக்கப் பார்ப்பான் என்று கிழவர் காத்திருந்தார். வண்டி போய்விட்டால் வயலுக்கு அவன் தயவில்தான் போகவேண்டும்.

அதனால் மருமகள் பிரகதீஸ்வரி லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து, "மாமா, இந்த ரெண்டு எழுத்தும் ஒண்ணா வேறயான்னு மட்டும் சொல்லுங்க" என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. டாக்டரிடம் போகாதவனுக்கு டாக்டர் வீட்டுக்கே வந்தாயிற்று.

அவள் ஒரு கதை சொன்னாள். வீட்டிலிருந்தபடியே ஜப்பான் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். ஆங்கிலமும் ஜப்பானியமும் ஒரே திரையில் கலந்து வருமாம். எல்லோரும் படிக்கத் தோதான ஃபாண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறதாம். ஒரே மாதிரியான இரண்டு ஜப்பானிய எழுத்தில் ஒன்றின் தலையில் இரண்டு கீற்று, இன்னொன்றின் தலையில் குட்டி வட்டம். மாற்றிப் படித்தால் வேலை கெட்டது. பாஷை தெரிந்தவன் மங்கலாகத் தெரிந்தாலும் ஊகித்துவிடுவானாம்.

"பாஷை தெரியாதவன் ஊருல நான் ஒருத்தன்தானா?"

"வயசான கண்ணும் வேணும் மாமா. அங்க இதையெல்லாம் சரிபார்க்கிறவருக்கு உங்க வயசு."

நல்ல ஜோடனை என்று நினைத்துக்கொண்டார். மாடு பிடிக்கப் போனால் விற்கிறவன் மூஞ்சியைப் பார்த்தே விலை கேட்டவர் அவர். எழுத்தை விட்டுவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார். 'ஒண்ணு' என்று இழுத்தால் அவள் புருவம் சுருங்கும். உடனே 'இல்ல, வேற' என்பார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மெல்லிசான எழுத்தே இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, இதையே அனுப்பிவிடலாம் என்று அவள் பூரித்துப்போனாள்.

அதற்குள் குக்கர் கூவியது. கடைசி ஜோடியைத் திரையில் விட்டுவிட்டு உள்ளே ஓடியவள், அங்கிருந்தே கேட்டாள். "சொல்லுங்க மாமா, ஒண்ணா வேறயா?"

முகம் இல்லை. திரையில் கொசு அடித்த கறைபோல இரண்டு. அவர் கண்ணைச் சுருக்கினார், தள்ளிப் பார்த்தார், கிட்டப் போனார். ஒருவேளை இவள் சொல்வது நிஜமாக இருந்தால், எங்கேயோ ஒரு கிழவன் நாளெல்லாம் இதே கறையோடு மல்லுக்கட்டப் போகிறான். நம்மால்.

"ஒரு எழவும் தெரியல. முன்னாடி சொன்னதும் எழுத்தைப் பார்த்துச் சொல்லல. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்."

கரண்டியோடு வந்து நின்றாள். திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டே வந்தார். தடித்த எழுத்து ஒன்றில் மட்டும் வட்டம் வட்டமாகவே நின்றது. அதை அனுப்பினாள்.

"இப்ப உன் புருசன்கிட்ட சொல்லிடுவ."

"அவரு கேட்டா பொய் சொல்ல மாட்டேன் மாமா."

மறுநாள் காலையில் சூர்யபிரகாஷ் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு நின்றான். கேட்டானா, அவளாகச் சொன்னாளா என்று கிழவர் விசாரிக்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, மதகு வருவதற்கு வெகுமுன்பே, "மெதுவாப் போடா" என்றார்.